பாலக்காட்டுக் கணவாயை கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றிப் பார்த்தால்

கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவர்களுக்கு, மலைத்தொடரின் நடுவே யாரோ கதவைத் திறந்து வைத்தது போலத் தெரியும். வடக்கே மலம்புழாவுக்குப் பின்னால் எழும் மலைகள், தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலையும், இடையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குச் சமவெளி. உயரத் தரவைக் கையாளும் மென்பொருளைச் சோதிக்க இதைவிடத் தோதான நிலம் கிடைப்பது அரிது. 2,695 மீட்டர் ஆனைமுடியும் 100 மீட்டரைத் தொடாத பாலக்காட்டு நகரமும் ஒரே படத்தில் அடங்கும். செங்குத்துப் பாறை, மழைக்காடு, அணை, தென்னந்தோப்பு, நெல்வயல் எல்லாமே உள்ளே வந்துவிடும். ஒவ்வொன்றும் தரவை ஒவ்வொரு விதமாக ஏமாற்றும்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழைத்தண்ணீர் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்க்க நினைப்பவர், பள்ளிக்கூடத்துக்கு நில வரைபடம் போடும் ஆசிரியர், மலைப்பாதையின் ஏற்றம் தெரிய வேண்டியவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதும் மதிப்பீடு இது. எடுத்துக்கொண்டது கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் 3.40 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. மெனுப் பெயர்களும் அதன்படியே.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் ஒரு சாதாரணப் பயனருக்குத் தேவைப்படும் உயர வேலைகள் அனைத்தும் இதில் உண்டு. விலை இல்லை. விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும், அதற்கான டேட்டாதான் செலவு. குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: நீங்கள் தப்பு செய்தால் இது வாய் திறக்காது. படம் வரும், அழகாகவும் வரும், எண் மட்டும் தப்பாக இருக்கும். அப்படி வாய்மூடி இருக்கும் இடங்களைத்தான் கீழே வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

எந்தத் தரவு

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்று நமக்கு முக்கியம். முதலாவது எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் அளந்தது. பிக்சல் ஏறக்குறைய 30 மீட்டர், உயரம் முழு எண்ணாக, மீட்டரில். நாசாவின் எர்த்டேட்டா கணக்கு இருந்தால் இறக்கலாம். இரண்டாவது கோப்பர்நிக்கஸ் ஜிஎல்ஓ-30. டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்கள் 2011 முதல் 2015 வரை எடுத்த தரவு. உயரம் தசமத்தோடு வரும், அமேசானின் திறந்த தரவுக் கிடங்கிலிருந்து கணக்கே இல்லாமல் எடுக்கலாம். மூன்றாவது நம் இஸ்ரோவின் கார்ட்டோடெம். 2005-இல் ஏவிய கார்ட்டோசாட்-1 எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து உருவானது, புவன் தளத்தில் கணக்குத் தொடங்கி எடுக்க வேண்டும்.

புதிதாக வருபவர்கள் கோப்பர்நிக்கஸிலிருந்து தொடங்குவது நல்லது. எஸ்ஆர்டிஎம்முக்கு வகுத்த துல்லிய இலக்கு 16 மீட்டர். கோப்பர்நிக்கஸுக்கு 4 மீட்டர். இரண்டுமே 90 விழுக்காடு இடங்களில் பிழை இதற்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு. மலையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கணவாயின் சமவெளியில் பளிச்சென்று தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இவை மூன்றுமே தரையை அளந்தவை அல்ல, மேலிருந்து கண்ணில் பட்டதை அளந்தவை. சைலன்ட் வேலியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மர உச்சி. மீனாட்சிபுரம் பக்கத்துத் தென்னந்தோப்பு சில மீட்டர் உயர்ந்த மேடாகத் தெரியலாம். காட்டையும் கட்டடத்தையும் கழித்த ஃபேப்டெம் என்ற தரவு இருக்கிறது, வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி இல்லை.

கார்ட்டோடெம் எடுத்தவர்கள் அடிக்கடி திகைக்கிற விஷயம் ஒன்று. மலம்புழா நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 115.06 மீட்டர். கார்ட்டோடெம்மில் அந்த நீர்ப்பரப்பின் மேல் சொடுக்கினால் இருபது சொச்சம்தான் காட்டும். பாலக்காட்டின் தாழ்ந்த பகுதிகள் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப இறக்குவார்கள். கோப்பில் ஒரு குறையும் இல்லை. எஸ்ஆர்டிஎம்மும் கோப்பர்நிக்கஸும் ஜியாய்டு எனப்படும் கடல் மட்டப் பரப்பிலிருந்து உயரத்தைச் சொல்கின்றன. கார்ட்டோடெம் டபிள்யூஜிஎஸ்84 நீள்கோளத்திலிருந்து, அதாவது பூமிக்குக் கணிதத்தில் வகுத்த வழவழப்பான வடிவத்திலிருந்து சொல்கிறது. உலகிலேயே ஜியாய்டு மிக ஆழமாக இறங்கியிருப்பது இலங்கைக்குத் தெற்கே, 106 மீட்டர் வரை. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாமும் இருக்கிறோம். பாலக்காட்டில் வித்தியாசம் சுமார் 90 மீட்டர். ஐரோப்பாவில் எழுதிய பாடங்களில் இது ஓரமாகச் சொல்லப்படும் விஷயம், அங்கே வித்தியாசம் பாதிதான். நமக்கு இது ஒரு சிறு குன்றின் உயரம்.

சரிசெய்ய வழி: இஜிஎம்96 ஜியாய்டு கட்டத்தை ஒரு ராஸ்டராக (பிக்சலுக்கு ஓர் எண் கொண்ட படமாக) ஏற்றி, ராஸ்டர் கால்குலேட்டரில் கார்ட்டோடெம்மிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். நம் பக்கம் ஜியாய்டு எண் எதிர்மறை, அதனால் கழித்தால் கூடும். கூடாமல் குறைந்தால் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். இது ஏதும் வேண்டாம் என்றால் கார்ட்டோடெம்மையும் மற்றதையும் ஒரே படத்தில் ஒட்டாமல் இருந்தாலே போதும். ஒட்டினால் கியூஜிஐஎஸ் தடுக்காது. ஒட்டிய இடத்தில் 90 மீட்டர் சுவர் ஒன்று எழுந்து நிற்கும், அவ்வளவுதான்.

ஏற்றுதல்

உயரத் தரவு ஒரு பாகைக்கு ஒரு பாகை டைல்களாக வரும். டைலின் பெயர் அதன் தென்மேற்கு மூலை. என்10ஈ076 என்றால் வடக்கு 10 முதல் 11, கிழக்கு 76 முதல் 77. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 58பி தாளும் இதே சதுரம்தான், அந்தத் தாள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எளிது. பாலக்காடு, சித்தூர், மலம்புழா, நெல்லியாம்பதி எல்லாம் இந்த ஒரே டைலில் கிடைக்கும். ஆனால் கணவாய் முழுதும் வேண்டுமென்றால் சிக்கல். நான்கு டைல்கள் சந்திக்கும் மூலை கோவையில், சிங்காநல்லூர் பக்கம் விழுகிறது. பொள்ளாச்சியும் ஆனைமுடியும் 77-ஐத் தாண்டி விடுகின்றன, கோவை நகரும் சைலன்ட் வேலியும் 11-ஐத் தாண்டி விடுகின்றன. ஆகவே நான்கையும் இறக்கியே ஆக வேண்டும்.

எஸ்ஆர்டிஎம்மின் எச்ஜிடி கோப்பை அப்படியே இழுத்துக் கியூஜிஐஎஸ் சாளரத்தில் போட்டால் திறக்கும். பெயரை மட்டும் மாற்றக் கூடாது. அந்தக் கோப்புக்குள் இடம் பற்றிய தகவலே கிடையாது, 3601-க்கு 3601 எண்கள் வரிசையாக இருக்கும், மொத்தம் 2,59,34,402 பைட். எந்த இடம் என்பதை மென்பொருள் கோப்பின் பெயரிலிருந்துதான் படிக்கிறது. அழகாக 'பாலக்காடு' என்று பெயர் வைத்தால் திறக்க மறுத்துவிடும். இங்கே மட்டும் அது வாய் திறந்து பிழை சொல்கிறது, அதற்காக நன்றி சொல்லலாம்.

நான்கையும் இணைக்க ராஸ்டர் மெனுவில் மிசலேனியஸ், அதற்குள் பில்ட் வர்ச்சுவல் ராஸ்டர். அந்தச் சாளரத்தில் 'ப்ளேஸ் ஈச் இன்புட் ஃபைல் இன்டு எ செபரேட் பேண்ட்' என்ற கட்டம் தானாகவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் நான்கு டைலும் நான்கு பேண்டுகளாக, அதாவது தனித்தனி அடுக்குகளாக வைக்கப்பட்டு, மூன்று மூலைகள் சிவப்பு, பச்சை, நீலமாகவும் ஒரு மூலை காணாமலும் ஒரு விசித்திரப் படம் வரும். இந்தக் கட்டத்தை டிக்கோடு வைத்திருப்பதற்கு செயற்கைக்கோள் படக்காரர்களுக்குக் காரணம் இருக்கலாம். உயரத் தரவுக்காரர்களுக்கு இது வேண்டாத தொல்லை.

உருவாகும் விஆர்டி கோப்பு சில கேபி அளவுதான் இருக்கும், ஏனென்றால் அது வெறும் முகவரிச் சீட்டு. மூல டைல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால், பென் டிரைவில் விஆர்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், எதுவும் திறக்காது.

பாகையிலிருந்து மீட்டருக்கு

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் அதிகம் அவதிப்படுவார்கள். தரவில் நீளமும் அகலமும் பாகையில், உயரம் மட்டும் மீட்டரில். அப்படியே சரிவு கணக்கிடச் சொன்னால் ஒரு பாகை நகர்வதற்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறுவதாகக் கணக்கு வந்து, நெல்வயல்கூட 89 பாகைச் செங்குத்தாகிவிடும். கியூஜிஐஎஸ்ஸுக்குள் இருக்கும் ஜிடால் கருவிகளில் ஸ்கேல் என்ற இடத்தில் 111120 என்று போட்டுச் சமாளிக்கலாம். நல்ல வழி, தரவையே மீட்டர் கட்டத்துக்கு மாற்றிவிடுவது.

ராஸ்டர், ப்ரொஜெக்‌ஷன்ஸ், வார்ப். இலக்கு இபிஎஸ்ஜி 32643 என்ற குறியீட்டு எண், அதாவது யுடிஎம் எனப்படும் மீட்டர் கட்டத்தில் 43 வடக்கு மண்டலம். கிழக்கு 72 முதல் 78 வரை அது. குமுளி, செங்கோட்டைக் கணவாய், களியக்காவிளை எல்லாம் இதற்குள் வந்துவிடும். ஆந்திர எல்லையில் திருத்தணி, குடியாத்தம் பக்கம் வேலை செய்பவர்கள் 78-ஐத் தாண்டி இருப்பதால் 32644 எடுக்க வேண்டும்.

வார்ப் சாளரத்தில் மூன்று இடங்களைக் கவனிக்கவும். ரீசாம்ப்ளிங், அதாவது புதிய கட்டத்துக்கு எண்ணைக் கணக்கிடும் முறை, 'நியரஸ்ட் நெய்பர்' என்று இருக்கும். அதை பைலீனியர் அல்லது கியூபிக் ஆக்குங்கள். மாற்றாவிட்டால் சில வரிசைகள் இரட்டிக்கும், சில விடுபடும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, நிழல் போட்ட உடனே துணியில் இழை ஓடினது போலக் கோடு கோடாகத் தெரியும். இரண்டாவது, எஸ்ஆர்டிஎம்மாக இருந்தால் வெளியீட்டுத் தரவு வகையை, தசமம் ஏற்கும் ஃப்ளோட்32 ஆக்க வேண்டும். முழு எண்ணாகவே விட்டால் கியூபிக் கணக்குப் போட்டு வந்த தசமத்தை வெட்டி எறிந்துவிடும், பைலீனியர் போட்ட பலன் பாதி போச்சு. மூன்றாவது நோடேட்டா மதிப்பு, அதாவது 'இங்கே தரவு இல்லை' என்று குறிக்கும் எண். பாகைச் சதுரம் யுடிஎம்முக்கு மாறும்போது லேசாகச் சாயும், ஓரங்களில் முக்கோண வெற்றிடம் விழும். -9999 என்று குறிப்பிட்டால் அது வெற்றிடமாகவே இருக்கும். குறிப்பிடாவிட்டால் பூஜ்யம் நிரம்பி, தாராபுரத்துக்குத் தெற்கே கடல் தோன்றும்.

வண்ணம்

லேயர் ப்ராப்பர்டீஸ், சிம்பாலஜி, சிங்கிள்பேண்ட் சூடோகலர். வண்ணத் தொகுப்பில் சிபிடி-சிட்டி பட்டியலைத் திறந்தால் நிலத்தோற்றத்துக்கென்றே பல உண்டு. வெள்ளையில் முடிகிற தொகுப்புகளைத் தவிர்ப்பது நல்லது. ஆனைமுடியில் பனி கொட்டியது போலாகிவிடும்.

இங்கேதான் அடுத்த பொறி. லெஜண்டில் காட்டும் அதிகபட்ச உயரம் உண்மையான அதிகபட்சமாக இருக்காது. அக்யூரசி என்ற இடத்தில் 'எஸ்டிமேட்' என்று இருப்பதே காரணம். நான்கு டைல் சேர்ந்தால் 5 கோடிப் பிக்சலுக்கு மேல். மென்பொருள் அதில் 2,50,000-ஐ மட்டும் மாதிரி எடுத்துப் பார்க்கிறது. ஏறக்குறைய இருநூறில் ஒன்று. சிகரத்தின் உச்சி நான்கைந்து பிக்சல்தான், அது மாதிரியில் சிக்குவது அதிர்ஷ்டம். 'ஆக்சுவல்' என்று மாற்றினால் சில நொடி கூடுதலாகும், எண் சரியாக வரும். அப்போதும் ஆனைமுடி 2,695-க்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். 30 மீட்டர் பிக்சல் உச்சியைச் சுற்றுப்புறத்தோடு சராசரி ஆக்குவதால் வருவது அது, மென்பொருள் மேல் பழி போட முடியாது.

கணவாயின் சமவெளியைக் காட்ட வேண்டும் என்றால் 0 முதல் 2,700 வரை சீராகப் பரப்பிய வண்ணம் உதவாது. வாளையாறு முதல் ஒற்றப்பாலம் வரை ஒரே பச்சையாகப் பூசிவிடும். வகுப்புகளைக் கையால் மாற்ற வேண்டும்: 50, 100, 150, 200, 300, 500, பிறகு 1000, 1800, 2700. கீழே நெருக்கி மேலே தளர்த்தினால் பாரதப்புழையின் கிளைகள் தானாக எழுந்து வரும்.

நிழல்

வண்ணத்தின் மேல் ஹில்ஷேட் எனப்படும் மலை நிழல் போட்டால்தான் மலை மலையாகத் தெரியும். தனிக் கோப்பு உருவாக்கத் தேவையில்லை. உயர லேயரை டூப்ளிகேட் செய்து, மேலே உள்ளதற்கு ஹில்ஷேட் ரெண்டரர் கொடுத்து, ப்ளெண்டிங்கை மல்டிப்ளை ஆக்கினால் போதும். கியூஜிஐஎஸ்ஸின் மிக நேர்த்தியான பகுதி இது. ட்ரான்ஸ்பரன்சியை இழுத்து இழுத்துப் பார்த்தும் வராத தெளிவு இங்கே ஒரே தேர்வில் வந்துவிடும்.

ஒளி வடமேற்கிலிருந்து, 315 பாகையில், 45 பாகை உயரத்தில் வரும்படி வைத்திருக்கிறார்கள். உலக வழக்கம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையோ பெரும்பாலும் வடவடமேற்கிலிருந்து தென்தென்கிழக்காக ஓடுவது. ஒளி மலை முதுகோடு சேர்ந்தே ஓடிவிட்டால் நிழல் விழாது, முகடுகள் மங்கிப்போகும். 'மல்டிடைரக்‌ஷனல்' என்ற கட்டத்தை டிக் செய்தால் சரியாகும். அல்லது 270, 45 என்று மாற்றிப் பாருங்கள். தெற்கிலிருந்து மட்டும் ஒளி விடாதீர்கள்; பள்ளத்தாக்கு மேடாகவும் மேடு பள்ளமாகவும் கண்ணுக்குப் புரளும்.

நெருங்கிப் பார்க்கையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அதே சிம்பாலஜி பக்கத்தின் அடியில் ரீசாம்ப்ளிங்கில் 'சூம்ட் இன்' என்பதை பைலீனியர் ஆக்கவும்.

கான்டூர்

ராஸ்டர், எக்ஸ்ட்ராக்‌ஷன், கான்டூர். கான்டூர் என்றால் சம உயரக் கோடு. இடைவெளி கேட்கும். நெல்லியாம்பதி மலைச்சரிவுக்கு 20 மீட்டர் போட்டால் பழைய தாள் வரைபடத்தைப் போலவே நன்றாக வரும். 'எலிவ்' என்ற புலத்தில் உயரம் சேமிக்கப்படும். 100-ஆல் வகுத்து மீதி வராதவற்றுக்கு மட்டும் தடித்த கோடும் எண்ணும் கொடுத்தால் படிக்க இதமாக இருக்கும்.

கொழிஞ்சாம்பாறைச் சமவெளிக்கு 1 மீட்டர் கான்டூர் கேட்பவர்கள் நிறைய. மென்பொருள் கேட்டதைக் கொடுத்துவிடும். கோழி கிளறிய மண் போலக் கோடுகள் வரும், அதில் பாதி தரவின் இரைச்சல், மீதி மரங்கள். எஸ்ஆர்டிஎம்மில் அதைவிட மோசம். உயரம் முழு எண்ணாக இருப்பதால் சமவெளி படிக்கட்டாகத் தெரியும், கான்டூர் அந்தப் படிகளின் ஓரத்தைச் சுற்றி வரும். கோட்டை வழவழப்பாக்கும் கருவியைப் போட்டு மறைப்பது கூடாது, பக்கத்துக் கோடுகளே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மறைக்கத்தான் வேண்டுமென்றால் கான்டூர் எடுப்பதற்கு முன் ராஸ்டரையே மென்மையாக்க வேண்டும். சமவெளியில் 5 மீட்டருக்குக் கீழே போகாமல் இருப்பதே மரியாதை.

குறுக்குவெட்டும் 3டியும்

3.26 பதிப்பிலிருந்து எலிவேஷன் ப்ரொஃபைல் உள்ளேயே வந்துவிட்டது, முன்பு போலத் தனி ப்ளகின் வேண்டாம். லேயர் ப்ராப்பர்டீஸில் எலிவேஷன் பக்கத்துக்குப் போய், லேயர் உயரப் பரப்பைக் குறிக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கோடு இழுத்தாலும் வெறும் வெள்ளைச் சாளரம்தான் கிடைக்கும், ஏன் என்றும் சொல்லாது. அதன் பிறகு வியூ மெனுவில் எலிவேஷன் ப்ரொஃபைலைத் திறந்து, நெல்லியாம்பதியிலிருந்து மலம்புழா மலை வரை தெற்கு வடக்காக ஒரு கோடு போடுங்கள். கணவாயின் தொட்டி வடிவம் சுத்தமாக வந்து நிற்கும். செங்குத்து அளவை அது தானாகவே நீட்டிக் காட்டும். அதைப் பார்த்துச் சரிவை மனக்கணக்குப் போடக் கூடாது, அச்சில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். புள்ளிகளை சிஎஸ்வியாக எடுத்து எக்செலில் வரையும் வசதியும் உண்டு.

3டி காட்சி கண்ணுக்கு நன்று. ப்ராஜெக்ட்டின் கட்டம் யுடிஎம் ஆக இருக்க வேண்டும். டெரெய்ன் வகையில் டிஇஎம் தேர்ந்து, டைல் ரெசல்யூஷன் 16-ஐ 64 ஆக்கினால் மலை மெழுகு போல உருகாமல் இருக்கும். செங்குத்துப் பெருக்கம் 2 போதும், 5 வைத்தால் ஆனைமலை இமயமலை ஆகிவிடும். 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் நான்கு டைலையும் 3டியில் சுற்றிப் பார்க்க நினைக்காதீர்கள். வேண்டிய பகுதியை க்ளிப் செய்து கொண்டு போங்கள். இணையத்தில் மற்றவர்களுக்குக் காட்ட க்யூஜிஸ்2த்ரீஜேஎஸ் என்ற ப்ளகின் உள்ளே இருக்கும் 3டியைவிட இலகுவானது.

நீர்ப்பாதை, வடிநிலம் எல்லாம் பார்க்க க்ராஸ் கருவிகளின் ப்ளகினை இயக்க வேண்டும். சாகா தனி ப்ளகினாக இறக்க வேண்டியது. இவை இரண்டும் தனி மென்பொருள்களின் கிளைகள் என்பதால் சாளரங்களின் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இந்த மென்பொருளின் மிகப் பழைய பலவீனம் அது.

எதற்கு எடுக்கக் கூடாது

வேலை முடிந்ததும் எண் சரியா என்று பார்க்க நம் ஊரில் ஒரு எளிய வழி உண்டு. ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்கு அடியில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். கஞ்சிக்கோடு, பாலக்காடு, பொள்ளாச்சி என்று நான்கைந்து நிலையங்களின் எண்ணை எடுத்து ஐடென்டிஃபை கருவியில் சொடுக்கிப் பாருங்கள். ஐந்தாறு மீட்டருக்குள் இருந்தால் பரவாயில்லை. எல்லாமே ஒரே அளவில் 90 விலகினால் ஜியாய்டு. ஒன்று மட்டும் விலகினால் நிலைய மேடையோ மரமோ மேம்பாலமோ பிக்சலில் விழுந்திருக்கிறது.

வாய்க்கால் வெட்டவோ குழாய் பதிக்கவோ மட்டும் இந்தப் படத்தை வைத்து இறங்கிவிடாதீர்கள். ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் ஓடும் வாய்க்கால் 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர்தான் இறங்கும். தரவின் பிழையே 4 மீட்டர். தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுவதாகவும் படம் காட்டும், அதே நிறங்களில், அதே அழகோடு. அந்த வேலைக்கு ஆட்டோ லெவலும் அளவுக்கோலும் பிடித்து, வரப்பில் இறங்கி நடப்பவரையே கூப்பிட வேண்டும்.